கணக்கு வேணாம்னுதானே பயாலஜி எடுத்தோம்?

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்ததும் எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் வீட்டுக்கு வீடு ஒரே பேச்சுதான். "புள்ள கணக்குல எவ்ளோ?" தொண்ணூறைத் தாண்டினால் ஃபர்ஸ்ட் குரூப். எழுபதுக்குக் கீழே நின்றால், "அதுக்குக் கணக்கு வராது, ப்யூர் சயின்ஸ்ல போட்டுடலாம்." இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல். நீட் தேர்விலும் கணக்குக்கென்று தனிப் பகுதி கிடையாது என்பதால் இதைப் பற்றி யாரும் ரொம்ப யோசிப்பதும் இல்லை. பதினைந்து வயதில் ஒரு பிள்ளை கணக்கோடு உறவை முறித்துக்கொள்கிறது. அதற்கு வீடே சேர்ந்து அப்பாடா என்கிறது.

நானும் அப்படி முறித்துக்கொண்டு வந்தவள்தான். ப்யூர் சயின்ஸ், அப்புறம் விலங்கியல், அதற்கப்புறம் பூச்சியியலில் முனைவர் பட்டம். இப்போது காவேரிப்பட்டணம், போச்சம்பள்ளி, பர்கூர் பக்கத்து மாந்தோப்புகளில் பூச்சி எண்ணுவது வேலை. பெங்களூராவும் செந்தூராவும் நீலமும் பூத்து நிற்கும் மார்கழி, தை மாதங்களில் காலையிலிருந்து பூங்கொத்து பூங்கொத்தாகத் தட்டித் தத்துப்பூச்சி எண்ணுவேன். தத்துப்பூச்சி பூவின் சாற்றை உறிஞ்சும். பிசுபிசுவென்று இனிப்பாகக் கழியும். அந்தப் பிசுக்கில் கரும்பூசணம் படரும். தோப்புக்காரர் கேட்பது ஒரே கேள்விதான்: "மருந்து அடிக்கணுமா, வேணாமா மேடம்?"

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது பூச்சியியலா, கணக்கா? முழுக்கக் கணக்கு என்றுதான் இப்போது சொல்வேன்.

இரண்டு தோப்புகளை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொன்றிலும் பத்து மரம் பார்த்து, மரத்துக்கு ஒரு பூங்கொத்தில் எண்ணியிருக்கிறோம். முதல் தோப்பில் 4, 5, 6, 5, 4, 6, 5, 5, 4, 6. இரண்டாவதில் 0, 0, 1, 0, 38, 0, 2, 0, 9, 0. இரண்டுக்கும் கூட்டுத்தொகை 50, சராசரி 5. ஒரு பூங்கொத்துக்கு 5 பூச்சி வந்தால் மருந்து என்று விதி வைத்திருந்தால் இரண்டு தோப்புக்கும் ஒரே சிபாரிசுதான் போகும். ஆனால் இரண்டாவது தோப்பில் ஏழெட்டு மரங்களில் பூச்சியே இல்லை என்று சொல்லலாம். அந்த மரங்களுக்கு அடிக்கும் மருந்து, பூவுக்கு வரும் ஈயையும் தேனீயையும் கொல்வதற்கு மட்டும்தான் பயன்படும்.

இந்த வேறுபாட்டைச் சொல்லும் எண் பத்தாம் வகுப்புப் புத்தகத்திலேயே இருக்கிறது. விலக்க வர்க்கச் சராசரி. ஒவ்வொரு எண்ணும் சராசரியிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று பார்த்து, அதை வர்க்கமாக்கி, எல்லாவற்றையும் கூட்டி வகுப்பது. புத்தகத்தில் n-ஆல் வகுப்பார்கள், மாதிரி எடுக்கும் நாங்கள் ஒன்று குறைத்து 9-ஆல் வகுப்போம். முதல் தோப்புக்கு அது 0.67. இரண்டாவதுக்கு 142. பூச்சிகள் எந்த நோக்கமும் இல்லாமல் அங்கங்கே விழுந்திருந்தால் இந்த எண் கிட்டத்தட்ட சராசரிக்குச் சமமாக, 5-ஐ ஒட்டி இருந்திருக்கும். 142 என்றால் பூச்சி கூட்டம் கூட்டமாக இருக்கிறது என்று பொருள். 0.67 என்றால்? தோப்பில் அவ்வளவு சீராகப் பூச்சி உட்காராது. முதல் பட்டியலை எந்த உதவியாளராவது என்னிடம் கொண்டுவந்தால், தம்பி மரத்தடியில் டீ குடித்துக்கொண்டே எழுதிவிட்டானோ என்றுதான் முதலில் சந்தேகப்படுவேன். கணக்கு தெரிந்ததால் கிடைத்த சின்ன சந்தோஷங்களில் இது ஒன்று.

வேலைக்கு வந்து சில வருடம் கழித்து, பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தை மறுபடியும் கையில் எடுத்தேன். பிறகு பதினொன்று, பன்னிரண்டு. பாடநூல் கழகப் புத்தகங்கள் எல்லாமே இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. இரவு பாத்திரம் தேய்த்துக் கவிழ்த்த பிறகு ஒரு மணி நேரம், காலை பேருந்தில் கொஞ்சம். பேருந்தில் கணக்குப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தால் பக்கத்து சீட்டுக்காரர் தவறாமல் கேட்பார்: "என்னா எக்ஸாம்மா எழுதுற? குரூப் டூவா?" எந்த எக்ஸாமும் இல்லை என்றால் நம்ப மாட்டார்கள். சும்மா படிக்கிறேன் என்பது நம் ஊரில் கொஞ்சம் கிறுக்குத்தனமான பதில். இப்போதெல்லாம் "ஆமாங்க, குரூப் டூ" என்று சொல்லிவிடுகிறேன்.

சிக்கும் இடங்களில் கேட்க, ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர் ஒருவர் தெருவிலேயே இருக்கிறார். வகைக்கெழுவில் நான் திணறியபோது அவர் சூத்திரத்தைத் தொடவே இல்லை. "ஏம்மா, பட்டுப்புழு நாலாவது தோல் உரிச்ச பிறகு எப்படி தின்னும், முதல் வாரம் எப்படி தின்னும்னு உனக்குத் தெரியும்ல? இன்னைக்கு எவ்ளோ எடைங்கிறது ஒரு கேள்வி. இப்போ எவ்ளோ வேகமா ஏறுதுங்கிறது இன்னொரு கேள்வி. ரெண்டாவது கேள்விக்கு நாங்க ஒரு பேர் வச்சிருக்கோம், அவ்ளோதான்." அவர் வீட்டில் ஒரு காலத்தில் பட்டுப்பூச்சி வளர்த்திருக்கிறார்கள். தர்மபுரி பட்டுக்கூடு அங்காடிக்கு மூட்டை கொண்டுபோன கதையெல்லாம் நடுவில் வரும்.

மடக்கை, அதாவது லாக், எனக்கு ப்ளஸ் டூ வேதியியல் ஆய்வகத்தில் புரட்டிய ஒரு அழுக்குப் பட்டியலாக மட்டுமே தெரியும். எதற்கு மடக்கை என்பதைப் பூச்சிதான் காட்டியது. இங்கிலாந்தின் ரோதாம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் எல். ஆர். டெய்லர் 1961-இல் ஒரு விஷயத்தைக் கவனித்தார்: பல வகை உயிரினங்களில், சராசரி கூடும்போது விலக்க வர்க்கச் சராசரி ஒரு குறிப்பிட்ட அடுக்கில் கூடுகிறது. இரண்டுக்கும் மடக்கை எடுத்துப் புள்ளி வைத்தால் நேர்கோடு. அந்தக் கோட்டின் சாய்வைப் பார்த்து அந்தப் பூச்சி எவ்வளவு கும்பலாக வாழ்கிறது என்று சொல்லலாம். ஒரு தோப்பில் எத்தனை மரம் பார்த்தால் போதும் என்றும் சொல்லலாம். எத்தனை மரம் என்பது எங்களுக்கு விளையாட்டுக் கேள்வி இல்லை. வெயிலில் நிற்கப்போவது நாங்கள்.

மெண்டலைப் பற்றிப் பாடத்தில் 3:1 என்று படித்திருப்போம். அவர் எண்ணியது 5,474 உருண்டைப் பட்டாணி, 1,850 சுருங்கிய பட்டாணி. வகுத்தால் 2.96. அந்த 2.96-ஐப் பார்த்து மூன்று என்று அடையாளம் காண ஒரு துணிச்சல் வேண்டும். அந்தத் துணிச்சல் வியன்னா பல்கலைக்கழகத்தில் இயற்பியலும் கணக்கும் படித்ததால் அவருக்கு வந்தது என்று நான் நினைக்கிறேன். நம் பாடம் 3:1-ஐ மட்டும் கொடுத்துவிட்டு 5,474-ஐ மறைத்துவிடுகிறது. எண்ணியவரின் கைவலி பிள்ளைகளுக்குத் தெரியாமலே போகிறது.

ஆனால் என்னை உண்மையில் உலுக்கியது ஹார்டியின் கடிதம்தான்.

ராமானுஜன் 1913 ஜனவரியில் கடிதம் எழுதினாரே, அதே கேம்பிரிட்ஜ் ஹார்டி. அதற்கு ஐந்து வருடம் முன்பு, 1908-இல், மரபியலாளர் புன்னெட் அவரிடம் ஒரு சந்தேகத்தைக் கொண்டுபோனார். இருவரும் சேர்ந்து கிரிக்கெட் ஆடுகிறவர்கள். ஒரு பண்பு ஓங்குபண்பு என்றால், அதாவது ஒரு பிரதி இருந்தாலே வெளியே தெரியும் என்றால், தலைமுறை தலைமுறையாக அது பெருகி, மக்கள்தொகையில் முக்கால்வாசிப் பேருக்கு வந்துவிட வேண்டாமா என்பது சந்தேகம். ஹார்டி 'சயின்ஸ்' இதழுக்கு ஒரு சின்னக் கடிதம் எழுதினார். வாய்ப்பாட்டு அளவுக் கணக்குதான் இது, உயிரியலாளர்களுக்கு முன்பே தெரிந்திருக்கும் என்றல்லவா நினைத்தேன் என்கிற தொனியில் தொடங்கும் கடிதம். அந்தத் தொனி எனக்குச் சுருக்கென்று பட்டது. நூறு வருடம் கழித்துக் கிருஷ்ணகிரியில் உட்கார்ந்து படிக்கிற என்னைப் பார்த்துச் சொன்ன மாதிரியே இருந்தது. அதே ஆண்டு ஜெர்மானிய மருத்துவர் வைன்பெர்கும் தனியாக அதே முடிவுக்கு வந்திருந்தார்.

உள்ளே இருப்பது (p+q)² மட்டுமே. பள்ளியில் படித்த முற்றொருமை. ஒரு மரபணுவின் ஒரு வடிவம் p பங்கு, இன்னொன்று q பங்கு என்றால், யார் யாரை மணக்கிறார்கள் என்பதில் ஒழுங்கு எதுவும் இல்லாத இடத்தில் p², 2pq, q² என்று மூன்று வகை ஆட்கள் இருப்பார்கள். வேறெதுவும் குறுக்கிடாதவரை அந்தப் பங்குகள் தலைமுறைக்குத் தலைமுறை அப்படியே நிற்கும். நான் இதை இளநிலையில் மனப்பாடம் செய்து மதிப்பெண்ணும் வாங்கியவள். "யார் யாரை மணக்கிறார்கள் என்பதில் ஒழுங்கு இல்லாத இடம்" என்ற நிபந்தனையை அன்று யாரும் நிறுத்திப் படிக்கவில்லை. நம் பக்கம் அந்த நிபந்தனை செல்லுமா? அக்கா மகளைக் கட்டுவதும், மாமன் மகள், அத்தை மகனைக் கட்டுவதும் இங்கே உரிமை. என் அம்மாவே தன் தாய்மாமனைத்தான் கட்டிக்கொண்டார்.

சனிக்கிழமைகளில் நான் போகும் ஒரு அரசுப் பள்ளியில் இதைக் கணக்காகப் போட்டோம். இரண்டு பக்கமிருந்தும் வந்தால் மட்டுமே வரும் ஒரு நோய். அதன் மரபணு வடிவம் நூற்றில் ஒன்று, அதாவது q = 0.01 என்று வைத்துக்கொண்டோம். சொந்தம் இல்லாத இருவருக்குப் பிறக்கும் குழந்தைக்கு நோய் வர வாய்ப்பு q², பத்தாயிரத்தில் ஒன்று. சொந்தத்தில் என்றால் அதோடு F × q × (1−q) சேரும். F என்பது குழந்தையின் இரண்டு பிரதிகளும் ஒரே மூதாதையின் ஒரே பிரதியிலிருந்து வந்திருக்க உள்ள வாய்ப்பு. மாமன் மகள், அத்தை மகன் என்றால் 1/16. தாய்மாமன் என்றால் 1/8. கணக்குப் போட்டால் முதலாவதுக்குப் பத்தாயிரத்தில் ஏறக்குறைய 7, இரண்டாவதுக்கு 13.

வகுப்பு அமைதியாகிவிட்டது. முன்வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். "அப்போ எங்க அம்மா அப்பா பண்ணது தப்பா மிஸ்?"

இந்தக் கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும்; அதற்காகவேதான் பாடத்தை எடுத்தேன் என்றுகூடச் சொல்லலாம். என் F-ம் 1/8 தான் என்று முதலில் சொன்னேன். பிறகு பலகையில் ஒரே பதிலை இரண்டு விதமாக எழுதினேன். ஒன்று: ஆபத்து 13 மடங்கு. இன்னொன்று: பத்தாயிரம் குழந்தைகளில் 9,987 பேருக்கு இந்த நோய் வராது. இரண்டுமே உண்மை. பயமுறுத்த நினைக்கிறவர் முதலாவதைச் சொல்வார், மழுப்ப நினைக்கிறவர் இரண்டாவதைச் சொல்வார். இரண்டையும் கேட்டு வாங்கத் தெரிந்திருக்க வேண்டும் என்றேன். ஒரு பையன் q-ஐ ஆயிரத்தில் ஒன்றாக மாற்றிப் போட்டுப் பார்த்தான். இப்போது சாதாரணமாகப் பத்து லட்சத்தில் ஒன்று, தாய்மாமனைக் கட்டினால் பிறக்கும் குழந்தைக்கு 126. மடங்கு 13-லிருந்து 126 ஆகிவிட்டது. நோய் அரிதாக அரிதாக, சொந்தத்தில் கட்டுவதால் கூடும் மடங்கு ஏறிக்கொண்டே போகும் என்பதை அவனே சொன்னான். ஒரே ஒரு மரபணுவுக்குத்தான் இந்தக் கணக்கு, இப்படிப் பல மரபணுக்கள் உண்டு, எல்லாம் சேரும்போது டாக்டர் எச்சரிப்பதில் நியாயம் இருக்கிறது என்பதையும் விடாமல் சொன்னேன். அந்தப் பெண் உட்கார்ந்து நோட்டில் எழுதிக்கொண்டாள். என்ன எழுதினாள் என்று நான் கேட்கவில்லை.

"சொந்தத்துல கட்டாதீங்க" என்று சுவரில் எழுதிவைப்பது எளிது. சுவரெழுத்தால் இங்கே கல்யாணம் நின்று நான் பார்த்ததில்லை. எண்ணைக் கையில் கொடுத்தால் பிள்ளைகள் அதை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பேசுகிறார்கள். அடுத்த வாரம் ஒரு தாத்தா பள்ளி வாசலில் நின்று என்னிடம் சண்டைக்கே வந்தார். அவர் கேட்ட கேள்விகள் நன்றாக இருந்தன.

அறிவியல் பரப்புவது என்றால் நம் பள்ளிகளில் இன்னும் எரிமலை மாடல்தான். சோடா உப்பு, வினிகர், சிவப்புச் சாயம், மேலே பொங்கும், கைதட்டல். எனக்கு அதன்மேல் கோபம்கூடக் கிடையாது, சலிப்புதான். கிருஷ்ணகிரியில் எரிமலை இல்லை. புளி இருக்கிறது. ஒரு பானை நிறையப் புளியங்கொட்டை போட்டு, அதில் 50 கொட்டையை எடுத்துச் சுண்ணாம்பால் புள்ளி வைத்து மறுபடி கலக்கிவிட்டு, கை நிறைய 40 அள்ளச் சொல்வேன். அதில் 8-க்குப் புள்ளி இருந்தால், மொத்தம் 50 × 40 ÷ 8, அதாவது 250. பிறகு எல்லாவற்றையும் கொட்டி எண்ணச் சொல்வேன். ஒவ்வொரு குழுவுக்கும் விடை வேறு வேறாக வரும்; ஏன் வேறாக வருகிறது என்பதுதான் அன்றைய பாடம். கேமரா வைத்துச் சிறுத்தையின் புள்ளிகளை அடையாளம் பார்த்து எண்ணுவதும் அடிப்படையில் இந்த வேலைதான்.

குழந்தைகளின் அறிவியல் ஆர்வத்துக்கு வழி இல்லாமல் இல்லை. தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1980-லிருந்து இருக்கிறது, 'துளிர்' இதழ் 1987-லிருந்து வருகிறது, அரசின் வானவில் மன்றம் 2022-இல் தொடங்கியது. நான் குறை சொல்வது கணக்கையும் உயிரியலையும் தனித்தனி அறையில் அடைத்துவைத்திருப்பதை. வானவில் மன்றம் ஆறிலிருந்து எட்டு வரை இரண்டையும் ஒரே பையில் கொண்டுவருகிறது. பதினொன்றில் வந்து நாம் பையைப் பிரித்துவிடுகிறோம்.

தர்மபுரி பக்கம் போனால் ஃப்ளோரைடு. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரால் பல்லில் பழுப்புக் கோடு விழுந்த பிள்ளைகளை அந்தப் பக்கம் பள்ளிகளில் பார்க்கலாம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதற்காக வந்ததுதான். லிட்டருக்கு 3 மில்லிகிராம் உள்ள கிணற்று நீரையும் 0.5 உள்ள ஆற்று நீரையும் எந்த அளவில் கலந்தால் 1-க்கு வரும்? ஒரு குடம் கிணற்று நீருக்கு நாலு குடம் ஆற்று நீர். ஏழாம் வகுப்புக் கணக்கு. எந்தப் புத்தகத்திலும் பால், தண்ணீர் கலக்கும் கணக்காகத்தான் பார்த்திருக்கிறேன்.

ராபர்ட் மே 1976-இல் 'நேச்சர்' இதழில் எழுதிய கட்டுரையின் முடிவில், இந்த ஒரு சமன்பாட்டைப் பிள்ளைகளுக்குச் சீக்கிரமே அறிமுகப்படுத்துங்கள் என்று கேட்டுக்கொண்டார். அடுத்த வருடப் பூச்சி = r × இந்த வருடப் பூச்சி × (1 − இந்த வருடப் பூச்சி). பூச்சியை எண்ணிக்கையாக இல்லாமல், அதிகபட்சத்தில் எத்தனை பங்கு என்று 0-க்கும் 1-க்கும் நடுவில் எழுத வேண்டும்; r என்பது பெருகும் வேகம். கால்குலேட்டர் போதும். r-ஐ 2.5 என்று வைத்தால் 0-க்கும் 1-க்கும் நடுவில் எங்கே தொடங்கினாலும் 0.6-இல் போய் நிற்கும். 3.2 வைத்தால் 0.513, 0.799 என்று ஒரு வருடம் விட்டு ஒரு வருடம் மாறி மாறி வரும். 3.9 வைத்தால் தலைகால் புரியாது. மாறி மாறி வருவதைப் பார்த்ததும் தோப்புக்காரர் வீட்டுப் பிள்ளைகள் "எங்க அல்போன்சா மாதிரி மிஸ், ஒரு வருஷம் காய்க்கும் ஒரு வருஷம் ஏமாத்தும்" என்றார்கள். மா காய்ப்புக்குக் காரணம் வேறு, மரத்துக்குள் சத்தும் ஹார்மோனும் சம்பந்தப்பட்ட விவகாரம். ஆனால் வெளியிலிருந்து யாரும் தூண்டாமலே ஒரு விதி தானாக ஏறி இறங்கும் என்பதை அவர்கள் பிடித்துக்கொண்டார்கள். நான் அதைப் புரிந்துகொண்டது முப்பத்தைந்து வயதுக்கு மேல்.

இப்போது நடந்துகொண்டிருப்பது தேன்கனிக்கோட்டைப் பக்கம். காவேரி வடக்கு வனவிலங்கு சரணாலயத்தை ஒட்டிய ஊர்கள். 2014-இல் அறிவிக்கப்பட்டது, 504 சதுர கிலோமீட்டர். ராகி கதிர் பிடிக்கும் பருவத்தில் பன்னேர்கட்டா பக்கமிருந்து ஜவளகிரி வழியாக யானைக் கூட்டம் இறங்கும். வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசி, பள்ளியில் தமிழில் படிக்கும் பிள்ளைகள். அவர்கள் கேட்டார்கள்: யானையைப் பார்க்காமலே எத்தனை என்று ஃபாரஸ்ட்காரர்கள் எப்படிச் சொல்கிறார்கள்?

லத்தியை எண்ணித்தான். ஒரு யானை ஒரு நாளைக்கு ஏறக்குறைய 16 முறை லத்தி போடும் என்றதும் வகுப்பு ஐந்து நிமிடம் சிரித்தது. சிரித்து முடித்ததும் பலகைக்கு வந்தோம். ஒரு சதுர கிலோமீட்டரில் E யானை என்றால் தினமும் 16E லத்தி சேரும். கிடப்பதில் தினமும் நூற்றில் ஒரு பங்கு மட்கி மறையும் என்றால், Y லத்தி கிடக்கும் இடத்தில் தினமும் 0.01Y குறையும். சேர்வதும் குறைவதும் சமமாகும்போது Y மாறாமல் நிற்கும். 1,600 லத்தி எண்ணினால் E = 1. வகைக்கெழு பூச்சியம் என்று ப்ளஸ் டூவில் சொல்வதை எட்டாம் வகுப்பு லத்தியில் செய்துவிட்டது.

ஆனால் அந்த 0.01 எங்கிருந்து வந்தது என்று ஒருத்தி கேட்டுவிட்டாள். மழைக்காலத்தில் சீக்கிரம் மட்காதா? நியாயம்தானே. யானை லத்தி பள்ளிக்குக் கிடைக்காது என்பதால் பின்பக்கம் வேலி ஓரமாக மாட்டுச் சாணியை வரிசையாக வைத்து, குச்சி நட்டு எண் போட்டு, தினமும் எத்தனை மிச்சம் என்று எழுதி வருகிறார்கள். மிச்ச எண்ணிக்கைக்கு மடக்கை எடுத்து நாளோடு புள்ளி வைத்தால் நேர்கோடு வர வேண்டும் என்று சொல்லிவைத்திருந்தேன். வரவில்லை. முதல் மழைக்கு மறுநாளே சாணி வண்டுகள் வந்து பாதியை உருட்டிக்கொண்டும் புதைத்துக்கொண்டும் போய்விட்டன. தப்பியவை வெயிலில் காய்ந்து வறட்டியாகி அசையாமல் கிடக்கின்றன. வண்டு வந்த சாணிக்கு ஒரு விகிதம், வராததற்கு ஒரு விகிதம் என்று இரண்டு கோடு போடலாமா என்று இந்த வாரம் சண்டை நடக்கிறது. இன்ஸ்பெக்‌ஷன் வருகிறது, அதற்குள் சாணியை எடுத்துவிடுங்கள் என்கிறார் தலைமையாசிரியர். மறுபடி மழை பெய்யும்வரை தவணை கேட்டிருக்கிறோம்.